விரிசலில் ஒட்டிய கண்ணாடி

நவம்பர் 30, 2024, சனி

விடியற்காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. ஃபெஞ்சல் புயல் இன்று இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். அண்ணாமலையைக் காணோம். இந்த வீட்டுக்குக் குடிவந்து 27 வருடம் ஆகிறது. முழு நாளும் மலை கண்ணில் படாமல் போன நாட்கள் மிகக் குறைவு.

மகள் பெங்களூரிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். "அம்மா, சித்தி வீட்டுக்குப் போயிடு. பின்சுவர் விரிஞ்சிருக்கு, தீபாவளிக்கு வந்தப்ப நானே பார்த்தேன்" என்கிறாள். சரிவை வெட்டிய இடத்தில் என் கணவர் நின்று கட்டிய கருங்கல் சுவர் அது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடுகிறது. என் சுண்டுவிரல் நுனி உள்ளே போகும்.

அவளுக்கு நான் சொன்ன பதில்களை அப்படியே எழுதிவைக்கிறேன்.

1. வெயில் அடிக்கிற ஊரில் சுவர் வெடிக்கத்தான் செய்யும்.
2. 2015-ல் அவ்வளவு மழை கொட்டியபோதே இந்தச் சுவர் அசையவில்லை.
3. எங்கள் தெருவுக்கு வீட்டுவரி ரசீது இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, குழாய்த் தண்ணீர் வருகிறது. ஆபத்தான இடமென்றால் இதெல்லாம் வந்திருக்குமா?
4. அண்ணாமலையார் காலடியில் இருக்கிறோம்.
5. எங்கள் கொல்லையில் நின்றால் மலை உச்சியில் ஏற்றும் கார்த்திகை தீபம் தெரிகிற மாதிரி ஊரில் வேறெங்கும் தெரியாது.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஐந்து காரணமும் ஒரு நிமிடத்துக்குள் வந்து விழுந்துவிட்டன. ஒன்றுக்காகவும் நான் யோசிக்கவில்லை.


டிசம்பர் 1, ஞாயிறு, இரவு 10 மணி

மாலையில் ஒரு சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் நனைந்துகொண்டே ஓடிவந்தாள். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள், இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். "டீச்சர், வ.உ.சி. நகர்ல மலை சரிஞ்சிடுச்சாம். 11-வது தெருவுல வீட்டுமேலயே விழுந்திருச்சாம். உள்ள ஆளுங்க இருக்காங்களாம்."

மழை நிற்கவில்லை. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். உள்ளே குழந்தைகளும் இருக்கிறார்கள் என்கிறார்கள்.


டிசம்பர் 2, திங்கள்

அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்திருக்கிறது. சந்து குறுகல், பெரிய இயந்திரம் உள்ளே போக வழியில்லை. மேலிருந்து இன்னும் மண் இறங்குமோ என்ற பயத்தோடு கையால் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். சாத்தனூர் அணையில் விடியற்காலை நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதால் தென்பெண்ணைக் கரை ஊர்களெல்லாம் தண்ணீரில் கிடக்கின்றன. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது. வகுப்பில் மழைமானியைக் காட்டி 5 சென்டிமீட்டர் என்றாலே நல்ல மழை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்.

எங்கள் தெருமுனையில் இன்று ஒரு மணி நேரம் நின்றேன். பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள், வேறு வேறு வார்த்தையில். அந்தப் பக்கம் வெறும் மண்ணு, நம்ம பக்கம் கெட்டிப் பாறை. அங்கே ரொம்ப மேலே ஏறிக் கட்டிட்டாங்க, நாம கீழே இருக்கோம். அங்கே மரத்தை வெட்டிட்டாங்க, இங்கே மரம் இருக்குது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் நின்ற பத்துப் பேரில் ஒருவர்கூட, "அவங்க வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் என்ன ஒத்துப்போகுது?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தலையாட்டிக்கொண்டு நின்றேன்.


டிசம்பர் 3, செவ்வாய்

ஏழு பேரையும் எடுத்துவிட்டார்கள். யாரும் உயிரோடு இல்லை. அதில் ஐந்து பேர் பிள்ளைகள்.

34 வருடம் பிள்ளைகள் நடுவிலேயே இருந்தவள். இன்று எதுவும் எழுத வரவில்லை.


டிசம்பர் 4, புதன்

கார்த்திகை தீபத் திருவிழாவுக்குக் கொடியேற்றம். இருட்டோடு எழுந்து போனேன். சுவாமி சன்னதி முன்னால் தங்கக் கொடிமரத்தில் கொடி ஏறியபோது எல்லோரும் எழுப்பிய அரோகரா கோஷத்தில் என் தொண்டையும் அடைத்தது. பத்தாம் நாள் மகாதீபம், 13-ம் தேதி.

பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏதோ, அண்ணாமலையார் இத்தோட நிறுத்திட்டார்" என்றார். என் மனதுக்கும் அந்த வார்த்தை ஆறுதலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் அதே வார்த்தை முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. என் வீடு நின்றால் அவர் காத்தார், இன்னொருவர் வீடு புதைந்தால் அது விதி என்று சொல்வேனா? எது நடந்தாலும் பொருந்திப்போகிற ஒரு காரணம் நாளை என்ன நடக்கும் என்பதைப் பற்றி எதையும் சொல்வதில்லை. 30-ம் தேதி எழுதிய நாலாவது காரணத்தின் நிலை இதுதான்.

என் பக்தியில் குறையில்லை. அவரை நான் கும்பிடுவது ஒன்று, பின்சுவருக்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பது வேறொன்று. இரண்டாவதைச் செய்திருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவைக்க வேண்டும். சரிவில் குடியிருக்கிற பெரும்பாலானவர்கள் வேறு இடத்தில் வாடகை கொடுக்க முடியாமல், மனை வாங்க முடியாமல் அங்கே போனவர்கள். போக்கிடம் இல்லாமல் இருப்பவரை, ஏன் இருந்தீர்கள் என்று கேட்கிற உரிமை எனக்குக் கிடையாது. எனக்கு வேங்கிக்காலில் தங்கை வீடு இருக்கிறது. மாடியில் ஒரு ரூம் காலியாகவே கிடக்கிறது. போக்கிடம் இருந்தும் காரணம் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். என்னைத்தான் கேட்க வேண்டும்.


டிசம்பர் 6, வெள்ளி

காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தேன். 178 காட்டியது. உடனே கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வேறு விரலில் குத்திப் பார்த்தேன். 171. டப்பாவை எடுத்து ஸ்ட்ரிப் காலாவதி ஆகிவிட்டதா என்று தேதி பார்த்தேன். மூன்றாவது ஸ்ட்ரிப்பை எடுக்கும்போது கை நின்றுவிட்டது. போன வாரம் 118 காட்டிய அன்று நான் கை கழுவவும் இல்லை, தேதி பார்க்கவும் இல்லை. "நல்லது" என்று சொல்லிவிட்டு இட்லிக்குத் தட்டு வைத்தேன்.

இதே விஷயத்தை ஒரு சோதனையாகவே செய்திருக்கிறார்கள். 1992-ல் பீட்டர் டிட்டோ, டேவிட் லோபஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு காகிதப் பட்டையைக் கொடுத்தார்கள். உடம்பில் ஒரு நொதி குறைவாக இருக்கிறதா என்று எச்சிலை வைத்துப் பார்க்கிற பட்டை என்று சொன்னார்கள். அது வெறும் காகிதம், நிறமே மாறாது. நிறம் மாறாவிட்டால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று சிலரிடமும், நிறம் மாறாவிட்டால் குறை இருக்கிறது என்று மற்றவர்களிடமும் சொல்லியிருந்தார்கள். கெட்ட செய்தி வந்தவர்கள் நிறம் மாறுமா மாறுமா என்று அதிக நேரம் காத்திருந்தார்கள். மறுபடி மறுபடி நனைத்துப் பார்த்தவர்களும் அவர்கள்தான்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1990-ல், சீவா குண்டா என்ற பெண் ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார். மனிதர் தமக்குப் பிடித்த முடிவுக்குத்தான் போகப் பார்க்கிறார், ஆனால் நினைத்ததையெல்லாம் நம்பிவிட அவரால் முடியாது. நியாயமாகத் தெரிகிற காரணம் கையில் கிடைத்தால்தான் அந்த முடிவில் உட்காருவார். ஆகவே காரணம் தேடப் போகிறார். தேடுகிற இடமெல்லாம் தனக்குச் சாதகமான இடம் என்பது அவருக்கே தெரிவதில்லை. நாம் நடுநிலையாகத்தான் யோசித்தோம் என்று மனதாரச் சொல்வதற்கும் இதுவே காரணம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று பிடிவாதத்தைச் சொல்லுவோம். உண்மையில் நாம் பிடிவாதத்தோடு நிற்பதில்லை, மூன்று காலையும் எண்ணிக் காட்டுகிறோம். நாலாவது கால் இருக்கிற பக்கம் கண் போவதில்லை.

விரிசல் பெரிதாகத் தெரிந்தால் வெளிச்சம் சரியில்லை என்றும், சிறிதாகத் தெரிந்தால் பார்த்தாயா என்றும் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!


டிசம்பர் 7, சனி

ரமணாசிரமம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். 1902-ல் விருபாட்சி குகையில் பகவான் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளும், பேசாமலிருந்த அவர் எழுதிக்காட்டிய பதில்களும்தான் பின்னால் 'நான் யார்?' என்ற சிறிய புத்தகமாக ஆயிற்று. ஓர் எண்ணம் எழும்போது, அதன் பின்னாலேயே ஓடாமல், அது யாருக்கு எழுந்தது என்று திரும்பிப் பார் என்பது அவர் காட்டிய வழி. அது ஞான மார்க்கம், எனக்கு எட்டாதது. ஆனாலும் இன்று அந்தக் கேள்வியை என் அளவுக்குச் சின்னதாக்கிக் கேட்டுக்கொண்டேன். இந்த ஐந்து காரணமும் யாருக்கு வேண்டியிருக்கின்றன?

என் கணவர் கட்டிய வீட்டை விட்டுப் போக மனசில்லாதவளுக்கு. லீவு எடுத்துக்கொண்டு, ஆட்களோடு ஆளாக நின்று அவர் கட்டிய சுவர் அது. அது தாங்காது என்று சொன்னால் அவரைச் சொன்ன மாதிரி இருக்கிறது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

வெயில், 2015 மழை, வரி ரசீது எதிலும் அவர் பெயர் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் அவர்தான் இருந்தார்.


டிசம்பர் 8, ஞாயிறு

புவியியல் வல்லுநர் குழு ஒன்று மலைமேல் ஏறி ஆய்வு செய்திருக்கிறது, தீபத்தன்று ஆட்கள் ஏறலாமா கூடாதா என்று சொல்வதற்கு. ஊரெல்லாம் அதுதான் பேச்சு.

எனக்கு இன்று வேறொன்று நினைவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தமிழாசிரியராக இருந்த ஒரு தோழி, மணிமேகலையில் தருக்கம் வருகிற இடத்தை எனக்கு ஒருமுறை விளக்கினாள். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று மூன்று. சொல்ல வருவது பக்கம், அதற்கான காரணம் ஏது, நாம் ஏற்கெனவே அறிந்த உதாரணம் திட்டாந்தம். நியாய நூல்களிலும் பௌத்த தருக்கத்திலும் திரும்பத் திரும்ப வருகிற எடுத்துக்காட்டு ஒரு மலை. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. அதைக் கேட்டபோது, "இது நம்ம ஊரு உதாரணமாச்சே!" என்று நான் சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது. வருஷா வருஷம் நெருப்பு எரிகிற மலையைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் நாங்கள்.

அதில் ஒரு வரிசை இருக்கிறது என்பது அப்போது என் கண்ணில் படவில்லை. புகையை முதலில் பார்க்கிறவன், அதிலிருந்து நெருப்புக்குப் போகிறான். நானோ நெருப்பு இல்லை என்று முதலில் முடிவு செய்துகொள்கிறேன். பிறகு புகை தெரிந்தால் அதை மேகம் என்கிறேன், பனி என்கிறேன், யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்கிறேன். பேசும்போது மூன்று உறுப்பையும் ஒழுங்காகச் சொல்வதால் கேட்பவருக்குத் தருக்கம் மாதிரியே இருக்கும். ஏது போலத் தோன்றி ஏது ஆகாதவற்றைப் பழைய தருக்க நூல்கள் தனியாகவே பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. அத்தனை நூற்றாண்டுக்கு முன்பே இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது.

படிப்பு இதற்கு மருந்தாகுமா? வாழ்நாள் முழுக்க மனிதரின் தவறான தீர்ப்புகளை ஆராய்ந்து 2002-ல் நோபல் பரிசு வாங்கிய டேனியல் கானமன், இவ்வளவு படித்தும் தன் தவறுகள் பெரிதாகக் குறையவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்த மார்ச்சில்தான் காலமானார். படித்தவருக்குக் காரணம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மண் சரிவு எப்படி நடக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவள் நான். பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீர் இறங்கும், மண்ணின் எடை ஏறும், பிடிப்பு விட்டுப்போகும், அடியை வெட்டியிருந்தால் தாங்க ஒன்றும் இருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் மகளிடம் "வெயில்" என்றேன்.


டிசம்பர் 9, திங்கள்

மேஸ்திரியை வரச்சொன்னேன். வயதானவர், எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் பூச்சு வேலை பார்த்தவர். சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். நடுவில் நின்று, "வயிறு தள்ளிக்கினு இருக்குது பாருங்க டீச்சரம்மா" என்றார். பார்த்தேன். தள்ளியிருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் எப்போதும் நேர் எதிரே நின்றே பார்த்திருக்கிறேன்.

பிறகு குனிந்து கீழ்வரிசைக் கல்லில் எதையோ தேடினார். "தண்ணி வெளிய வர ஓட்டை விட்டிருந்தாரே சார்? ஆறோ ஏழோ. நான்தான் குழாய் வச்சேன். யாரு அடைச்சது?"

நான்தான் அடைக்கச் சொன்னேன். கணவர் இறந்த மறு வருடம், 2019-ல், ஒரு ஓட்டையிலிருந்து பாம்பு வந்தது. தனியாக இருக்கிறேன், பயம். வேறு ஒரு ஆளைக் கூப்பிட்டு எல்லா ஓட்டைக்கும் சிமெண்ட் வைத்துப் பூசச் சொன்னேன். ஐந்து வருடமாக மழைத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குப் பின்னாலேயே தேங்கி, அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

மகளிடம் சொன்ன ஐந்து காரணத்தில் இது இல்லை. 30-ம் தேதி இந்த நோட்டில் எழுதியபோதும் இல்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை, நினைப்பிலேயே வரவில்லை. 2015 மழையில் சுவர் நின்றது என்று பெருமையாகச் சொன்னேனே, அன்று ஓட்டைகள் திறந்திருந்தன. அவர் கட்டியது நின்றது. நான் செய்ததுதான் சுவரைத் தள்ளுகிறது. அவருக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றப் பேசியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் ஓட்டையைக் குடைய மேஸ்திரி சம்மதிக்கவில்லை. தட்டினால் சுவர் அதிரும், தை பிறந்து மண் காயட்டும் என்றார். பையிலிருந்து ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார். மெல்லிசு, ஒரு சாண் நீளம் இருக்கும். விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் எம்-சீல் போட்டு அழுத்தி ஒட்டினார். பக்கத்தில் கரித்துண்டால் 9-12-24 என்று தேதி எழுதினார். "சொவரு நூலளவு நகர்ந்தாலும் இது விட்டுடும். நம்ம கண்ணு ஏமாந்துடும், கண்ணாடி ஏமாறாது" என்றார்.

இந்த முறை எனக்கும் தெரியும். என் அப்பா வீட்டில் ஒட்டியிருக்கிறார்கள். விரிசல் கண்ணில் பட்டு மூன்று மாதமாகியும் ஏன் ஒட்டவில்லை என்றால், ஒட்டினால் தெரிந்துவிடும்.

மேஸ்திரி போனதும் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவளையே சாட்சியாக வைத்து இந்த நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: கண்ணாடி விரிந்தால் அன்றே தங்கை வீட்டுக்குப் போவது. விரிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியது அவள், நான் அல்ல. நான் என்ன காரணம் சொன்னாலும் அவள் கேட்கக்கூடாது. அவள் சங்கடப்பட்டாள். "டீச்சர், நான் எப்படி உங்களை..." என்றாள். நீதான் சொல்ல வேண்டும் என்றேன்.

ஊகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் என்ற இருவர் 2011-ல் சொன்ன ஒரு கருத்தைப் படித்ததிலிருந்து அது மனதில் நிற்கிறது. தனியாக உட்கார்ந்து உண்மையைக் கண்டுபிடிப்பதற்காக நமக்குப் பகுத்தறிவு வளரவில்லை, பிறரோடு வாதாடவும் பிறர் வாதத்தை எடைபோடவும் வளர்ந்தது என்கிறார்கள். அதனால்தான் நம் காரணத்தில் ஓட்டை நமக்குத் தெரிவதில்லை, அடுத்தவர் காரணத்தில் உடனே தெரிகிறது. இதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கண்ணுக்குப் படாததைப் பார்க்கக் கடவுள் எதிர்வீட்டில் ஒரு ஜோடிக் கண்ணை வைத்திருக்கிறார். மழை வருவதற்கு முன்னால் அவளிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு.


டிசம்பர் 10, செவ்வாய்

தேரோட்டம். மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. பெரிய தேர் அசைந்து வரும்போது கூட்டத்தோடு நானும் வடத்தைத் தொட்டேன்.

திரும்பி வரும்போது தேநீர்க் கடையில் ஒரு வாக்குவாதம். முந்தைய ஆண்டுகளில் தீபத்தன்று 2,500 பேருக்குச் சீட்டுக் கொடுத்து மலையேற விட்டார்கள். இந்த வருடம் விடுவார்களா என்பது கேள்வி. ஏறியே தீரவேண்டும் என்றவர் பரம்பரை வழக்கத்தைச் சொன்னார். கூடாது என்றவர் ஏழு உயிரைச் சொன்னார். நான் இரண்டாமவர் பக்கம். உடனே பேசவும் போனேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். முழங்கால் வலி வந்து பத்து வருடமாக நான் மலை ஏறுவதில்லை. ஏறாதே என்பதில் எனக்கு நஷ்டமில்லை. நஷ்டம் இல்லாத இடத்தில் நிபுணர் பேச்சை மதிப்பது சுலபம். என் பின்சுவர் விஷயத்தில் எந்த நிபுணரை நான் கேட்டேன்? நான் சொல்ல வந்தது சரிதான். அதற்காக என்னை நியாயவாதி என்று நினைத்துக்கொள்ள முடியாது.


டிசம்பர் 12, வியாழன்

இரவு முழுக்க மறுபடியும் மழை. பொதுமக்கள் யாரும் மலையேறக் கூடாது, கொப்பரையும் நெய்யும் கொண்டுபோகிறவர்களும் தீபப் பணிக்கு வேண்டியவர்களும் மட்டும் போகலாம் என்று முடிவாகிவிட்டது.

காலை ஆறரைக்குக் குடையோடு கொல்லைக்குப் போனேன். கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு, முடி கிடக்கிற மாதிரி. விரலால் துடைத்தேன். போகவில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு மூன்று காரணம் வந்தது. எம்-சீல் காயும்போது இழுத்திருக்கும். மேஸ்திரி அழுத்தும்போதே கீறியிருக்கும். இரவுக் குளிருக்குக் கண்ணாடி சுருங்கியிருக்கும். மூன்றும் நடக்கக்கூடியவை, அதுதான் பயமாக இருந்தது. பரீட்சைத் தாளில் ஒரு மாணவி எழுதியிருந்தால் மார்க் போட்டிருப்பேன்.

எதிர்வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தவள், மாவுக் கையோடு வந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். நான் எம்-சீல் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு, "விரிஞ்சிருக்கு டீச்சர்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. வகுப்பில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே பயப்படுவாள் அந்தப் பெண்.

பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. துணி இரண்டு பை, மாத்திரை டப்பா, சர்க்கரை மிஷின், அவர் படம், இந்த நோட்டு. சாவியை அவளிடம் கொடுத்தேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு இல்லை, தெருவுக்கு அந்தப் பக்கம். ஆனாலும் மழை வலுத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேங்கிக்காலுக்கே வந்துவிட வேண்டும் என்று அவளிடமும் எழுதி வாங்கிக்கொண்டேன். அதைச் சொல்லப்போவது நான். அங்கே அவள் காரணம் சொன்னால் எனக்குக் காது கேட்காது.


டிசம்பர் 13, வெள்ளி, இரவு

வேங்கிக்கால். காலை நாலு மணிக்குக் கோயிலில் பரணி தீபம் ஏற்றியதை டிவியில் பார்த்தோம். மாலையில் தங்கையும் நானும் மொட்டைமாடிக்குப் போனோம். அவள் அகல்களை வரிசையாக வைத்துவிட்டு எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். "அக்கா, உங்க வீட்டுக் கொல்லையில தெரியற மாதிரி இங்கே தெரியாது. மனசுல வெச்சுக்காத" என்றாள். வருஷா வருஷம் அவள் கூப்பிடும்போது நான் சொன்ன வார்த்தையையே எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் அரோகரா கேட்டது. அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்துவிட்டார் என்று புரிந்தது. மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. 2,668 அடி உயரத்தில் ஒரு பொறி, பிறகு ஒரு சுடர், பிறகு நின்று எரிகிற ஜோதி. கைகூப்பினேன். எங்கள் கொல்லையில் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும், மலையின் தோள் பாதியை மறைக்கும். இங்கிருந்து மலை அடியிலிருந்து உச்சி வரை முழுசாகத் தெரிந்தது, அதன் தலையில் தீபம். சுடருக்கு மேலே மெல்லிய புகை எழும்பி மேகத்தோடு சேர்ந்துகொண்டிருந்தது.

அந்த ஏழு பேருக்கும் ஒரு அகல் தனியாக வைத்தேன்.

மழை விட்டிருக்கிறது. படுக்கப்போகும்போது மனதில் ஒரு வார்த்தை தானாக வந்தது: "இனிமே ஒண்ணும் ஆகாது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிடலாம்." எழுந்து வந்து, 30-ம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, ஐந்துக்குக் கீழே ஆறு என்று போட்டு அதையும் எழுதி, இன்றைய தேதியைப் போட்டேன்.

தை பிறந்து மண் காய்ந்த பிறகு மேஸ்திரி வந்து ஓட்டைகளைத் திறக்க வேண்டும். அதன் பிறகு புதுக் கண்ணாடி ஒட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை சாவி எதிர்வீட்டில் இருக்கட்டும்.